ஆற்றின் வழியே வரும் வினை

செய்த வினையின் பயன் செய்தவரையே வந்து சேரும் என்பது தமிழ்ச் சமய மரபுகளின் பொதுச்சொத்து. சைவமும் வைணவமும் சமணமும் பௌத்தமும் கடவுளைப் பற்றியும் உயிரைப் பற்றியும் எவ்வளவு கடுமையாக வாதிட்டுக்கொண்டபோதிலும், இந்த ஓரிடத்தில் தத்தம் வழியே வந்து கூடின. சூழலியல் என்னும் அறிவியல் துறையோ இதற்கு நேர் எதிராகத் தோன்றும் ஓர் உண்மையைக் காட்டுகிறது: மேட்டில் ஒருவர் செய்த செயலின் பயனைப் பள்ளத்தில் இருக்கும் வேறொருவர் அனுபவிக்கிறார், செய்தவரோ பெரும்பாலும் எதையும் அனுபவிப்பதில்லை. இரண்டும் ஒரே உலகத்தைப் பற்றிய கூற்றுகள் ஆகையால், இரண்டையும் ஏற்றுக்கொள்ளும் ஒருவர் அவை எங்ஙனம் இயைகின்றன என்பதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பத்தாங் காலி மலையடிவாரத்திலிருந்து கோலா சிலாங்கூர்க் கடற்கரை வரை நூறாண்டுக்கும் மேலாகப் பால்மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் வாழ்ந்த தமிழர்களுக்கு இது ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. அவர்கள் குடித்த நீரிலும் நின்ற மண்ணிலும் அது இருந்தது.

உயிரினங்களுக்கும் அவற்றின் சூழலுக்கும் உள்ள உறவை ஆராயும் துறைக்கு 1866இல் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் பெயரிட்டார். எனினும் அத்துறையின் அடிப்படை அலகு எது என்பது அதன்பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. 1935இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி சூழல் மண்டலம் என்ற கருத்தை முன்வைத்தபோது, ஓரிடத்தில் வாழும் உயிர்களையும் அவ்விடத்து மண், நீர், காற்று, வெயில் ஆகிய உயிரற்ற பொருள்களையும் பிரித்துப் பார்ப்பது ஆய்வாளரின் வசதிக்காகச் செய்யப்படுவதே என்றும், இயற்கையில் அவை ஒரே அமைப்பாக இயங்குகின்றன என்றும் வாதிட்டார். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியன அவற்றிலிருந்து எழும் கருப்பொருள் என்றும் வகுத்த தொல்காப்பிய மரபை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்தக் கருத்து அயலாகத் தோன்றாது. அதற்காக டான்ஸ்லி சொன்னதைத் தொல்காப்பியர் அன்றே சொல்லிவிட்டார் என்று மார்தட்டுவது இரண்டுக்கும் செய்யும் அநீதியாகும். ஒன்று செய்யுளின் இலக்கணம், மற்றொன்று அளந்து சரிபார்க்கும் அறிவியல். இடத்தை விட்டு உயிரைப் பேச முடியாது என்ற உணர்வு மட்டுமே இரண்டுக்கும் பொது.

சூழல் மண்டலத்திற்கு எல்லை வகுப்பதற்கு அறிஞர்கள் கையாளும் வழிகளுள் மிகத் தெளிவானது நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதாகும். பெய்யும் மழை அனைத்தும் எந்த ஓர் ஆற்றுக்குள் வந்து இறங்குமோ, அந்த நிலப்பரப்பு முழுவதும் அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி. சிலாங்கூர் ஆறு தீத்திவங்சா மலைத்தொடரில் தோன்றி, கோலா குபு பாருவைக் கடந்து, பத்தாங் காலி ஆறு உள்ளிட்ட கிளைகளைச் சேர்த்துக்கொண்டு, முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா வழியாகச் சென்று கோலா சிலாங்கூரில் கடலில் கலக்கிறது. இதன் நீளம் சுமார் 110 கிலோமீட்டர். கோலாலம்பூரும் அதைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கும் குடிக்கும் நீரில் பாதிக்கும் மேற்பட்டது இந்த ஓர் ஆற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆகவே உலு சிலாங்கூரில் ஒரு சரிவில் மரம் வெட்டுபவருக்கும், நகரத்து அடுக்குமாடியில் குழாயைத் திறப்பவருக்கும், கழிமுகத்தில் வலை வீசுபவருக்கும் இடையே, அவர்கள் ஒருவரையொருவர் அறியாவிட்டாலும், அறுக்க முடியாத ஓர் உறவு இருக்கிறது.

இனி வினைக் கொள்கையின் சொற்களைப் பார்க்க வேண்டும். சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. பல பிறவிகளில் ஈட்டிச் சேர்த்து வைத்திருப்பது சஞ்சிதம். அதில் இப்பிறவியில் நுகர்வதற்காக வந்த பகுதி பிராரத்தம். அதை நுகரும்போதே புதிதாகச் செய்து ஏற்றிக்கொள்வது ஆகாமியம். நுகரப்படும் துன்பம் எந்த வழியாக வருகிறது என்பதைக் கொண்டு உரையாசிரியர்கள் இன்னொரு பகுப்பும் செய்தனர். தன்னாலும் பிற உயிர்களாலும் வருவது ஆதியான்மிகம். குளிர், மழை, இடி, வெள்ளம் போன்ற பூதங்களால் வருவது ஆதிபௌதிகம். பிறப்பு, மூப்பு, நரகம் முதலாகத் தெய்வத்தால் வருவது ஆதிதைவிகம். பிற தத்துவ மரபுகளில் இச்சொற்கள் சற்றே மாறிய பொருளில் வழங்குகின்றன என்றாலும், உயிர்களால் வருவது வேறு, பூதங்களால் வருவது வேறு என்ற கோடு தமிழ்ச் சைவத்தில் தெளிவாகவே இழுக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கோடுதான் இங்கே ஆராயத்தக்கது. ஏனெனில் கடந்த ஒரு நூற்றாண்டில் சூழலியல் கண்டறிந்த பலவும், பூதத்தால் வந்தது என்று மக்கள் ஏற்றுக்கொண்டு தலைகுனிந்த துன்பங்களுள் பெரும்பகுதி, பூதத்தின் வழியாக வந்து சேர்ந்த மனிதச் செயலே என்று காட்டுகின்றன.

தோட்டத்தையே சான்றாகக் கொள்ளலாம். பால்மரம் இந்த மண்ணின் மரமன்று. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்ற விதைகளில் முளைத்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன; அவற்றின் வழித்தோன்றல்களே மலாயா முழுவதையும் மூடின. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மலாயாவில் அது வணிக நோக்கில் முதன்முதலாக நடப்பட்டது 1917இல், இதே கோலா சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில், ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியால். தோட்ட வாழ்வை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. மரமும் அயல், முதலாளியும் அயல், உழைத்தவரும் கடல் கடந்து வந்தவர் என்றானபோது, அங்கே ஏற்கெனவே இருந்த காடு என்னவாயிற்று என்று கேட்கும் பொறுப்பு யாருக்கும் இல்லாமற்போனது.

பல நூறு வகை மரங்கள் நின்ற இடத்தில் ஒரே மரத்தை வரிசை வரிசையாக நிறுத்தும் ஒற்றைப்பயிர் முறை, காட்டில் தானாக நடந்த வேலைகளை மனிதர் கூலி கொடுத்துச் செய்யவேண்டிய வேலைகளாக மாற்றிவிடுகிறது. காட்டில் உதிரும் இலையைப் பூஞ்சையும் நுண்ணுயிரும் கறையானும் மட்கச் செய்து மீண்டும் வேருக்கு ஊட்டுகின்றன. சிதைப்போர் எனப்படும் இவ்வுயிர்களின் வேலையே ஊட்டச் சுழற்சியின் அச்சு. தோட்டத்தில் பாலும் குலையும் ஆண்டுதோறும் வெளியேற்றப்படுவதால் சுழற்சி அறுபடுகிறது. பசளை மூட்டைகள் அந்த இடைவெளியை நிரப்புகின்றன. இளஞ்செடிகளுக்கிடையே மண்ணை மூடுவதற்காகப் படரவிடப்படும் புவேரேரியா, சென்ட்ரோசீமா போன்ற அவரையினக் கொடிகள் தம் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையோடு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக்கித் தருகின்றன. காட்டின் இலக்கணத்தில் ஒரு சிறு விதியையாவது தோட்டம் கடன் வாங்கியே ஆகவேண்டும் என்பதற்கு அந்தக் கொடி சான்று. செம்பனைப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதற்கு ஒரு காலத்தில் தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று கையால் தூவவேண்டியிருந்தது. ஆப்பிரிக்காவில் அந்த வேலையைச் செய்துவந்த ஒரு சிறு கூன்வண்டு 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பின்னரே அந்த உழைப்பு தேவையற்றுப்போனது. மரத்தை மட்டும் கொண்டுவந்தவர்கள் மரத்தின் உறவைக் கொண்டுவர மறந்திருந்தார்கள். அந்த மறதியின் விலையை நெடுங்காலம் கூலியாட்களின் கைகள் கொடுத்தன.

செம்பனைக் காட்டில் எலித்தொல்லை மிகுதி. பழுத்த பழத்தின் எண்ணெய்ச் சதையை எலிகள் கரம்பித் தின்றுவிடும். எலியை உண்ணும் கூகைகளுக்காகத் தோட்டங்களில் உயரமான கம்பத்தின்மேல் மரப்பெட்டி ஒன்று வைக்கப்படுவதைக் காணலாம். கம்பத்தின் அடியில் குனிந்து பார்த்தால், கூகை செரிக்க முடியாமல் கக்கிய கருஞ்சாம்பல் நிற உருண்டைகள் கிடக்கும். ஒன்றைப் பிய்த்தால் எலியின் மயிரும் மெல்லிய தாடையெலும்பும் முழுசு முழுசாக இருக்கும். செம்பனை, எலி, கூகை என்ற இந்த மூன்று கண்ணிகளும் சேர்ந்தது உணவுச் சங்கிலி. 1927இல் சார்லஸ் எல்டன் எழுதிய நூலுக்குப் பின் இக்கருத்து பரவலாயிற்று. வெயிலைப் பிடித்து உணவாக்கும் மரம் உற்பத்தியாளர். அதை உண்ணும் எலி முதல்நிலை நுகர்வோர். எலியை உண்ணும் கூகை அடுத்த நிலை. ஒவ்வொரு படியையும் ஊட்ட மட்டம் என்பர். ஒரு மட்டத்திலிருந்து அடுத்ததற்கு ஆற்றலில் பத்தில் ஒரு பங்களவே ஏறிச்செல்கிறது என்று பொதுவாகக் கொள்ளப்படும் விதி, 1942இல் வெளிவந்த ரேமண்ட் லிண்டமனின் ஆய்விலிருந்து வளர்ந்தது. அந்தக் கட்டுரை அச்சேறும் முன்பே அவர் தம் 26 வயதில் இறந்துவிட்டார்.

ஆற்றல் ஏற ஏறக் குறைகிறது. நஞ்சு ஏற ஏறச் செறிகிறது. எலிக்கு வைக்கப்படும் குருதியுறையாமை நஞ்சுகளில் பிற்காலத்தில் வந்தவை எலியின் ஈரலில் தங்கிவிடுபவை. அந்த எலிகளைத் தின்ற கூகைகள் மடிந்ததும் குறைந்ததும் 1980களிலேயே மலேசியத் தோட்டங்களில் கவனிக்கப்பட்டன. உயிருடலில் நஞ்சு கரையாமல் சேர்ந்துகொண்டே போவதை உயிர்த்திரட்சி என்றும், அது மட்டம்தோறும் பெருகுவதை உயிர்ச்செறிவுப் பெருக்கம் என்றும் சொல்வர். ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய மௌன வசந்தம் உலகின் கண்ணைத் திறந்தது இந்த உண்மையைக் காட்டித்தான். கூகையைக் கொல்ல வேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. கொலை என்ற வினைக்குக் கருத்து, அதாவது உள்ளத்தின் நோக்கம், எவ்வளவு முதன்மையானது என்ற பழைய சமயவாதம் இங்கே புதிய வடிவில் எழுகிறது. எண்ணாமல் செய்த தீங்கு சிறியது என்பதை ஏற்கலாம். ஆனால் ஒருமுறை தெரிந்துவிட்ட பிறகு அதே செயலைத் தொடர்பவர் எண்ணாமல் செய்தேன் என்று சொல்லும் உரிமையை இழக்கிறார். சூழலியல் தரும் அறிவு, அவ்வகையில், மனிதரின் ஆகாமியத்தைக் கனமாக்குகிறது.

நீரின் கதையும் இத்தகையது. உயிர்வேதிய ஆக்சிஜன் தேவை என்பது நீரில் கலந்த கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அவை எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன என்பதன் அளவு. அது உயர்ந்தால் மீனுக்கு மூச்சு இல்லை என்று பொருள். தூய ஆற்றில் ஒரு லிட்டருக்குச் சில மில்லிகிராமாக இருக்கும் இந்த அளவு, செம்பனை ஆலையின் கழிவுநீரில் சுமார் 25,000 மில்லிகிராம் வரை இருக்கும். 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டு, 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென விதிகள் வந்தபோது, ஆற்றில் விடும் நீருக்கு முதலில் 5,000 என்று வரம்பு வைத்து, ஆண்டுதோறும் குறைத்து, 1984க்குள் 100க்குக் கொண்டுவந்தனர். சட்டம் மெய்யாகவே ஓர் ஆற்றை உயிர்ப்பிக்க முடியும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இதைப் பாராட்டாமல் விடுவது தவறு. ஆயினும் 2020 செப்டம்பர் 3ஆம் நாள், ரவாங் பகுதியில் ஒரு கிளையாற்றில் கொட்டப்பட்ட தொழிற்சாலைக் கழிவின் நாற்றம் சிலாங்கூர் ஆற்றுக்குள் வந்து சேர்ந்ததால், நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் சுமார் 12 இலட்சம் நீர்க்கணக்குகளுக்கு நீர் நின்றுபோனது. பெருந்தொற்றுக் காலத்தில், கை கழுவுவதே காப்பு என்று சொல்லப்பட்ட நாட்களில், ஒரு சிறு வாய்க்காலின் கரையில் யாரோ செய்த செயல் பல இலட்சம் சமையலறைகளை வந்தடைந்தது.

செய்தவர் ஒருவர், நுகர்ந்தவர் பலர். வினைக் கொள்கையின் மிக எளிய வடிவம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது: நீரின்றித் தவித்தவர்கள் தத்தம் பிராரத்தத்தை நுகர்ந்தார்கள், அவ்வளவே. தருக்கப்படி இதில் ஓட்டையில்லை. ஆனால் இந்த விடை பாதி உண்மையை மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. ஒருவர் தம் பிராரத்தத்தை நுகர்வதற்குக் கருவியாக இருந்தவருக்கு அதனால் ஆகாமியம் ஏறாது என்று சித்தாந்தம் எங்கும் விலக்களிக்கவில்லை. திருடன் ஒருவரின் பொருளைக் கவர்ந்தால், இழந்தவரின் வினை கழிந்தது என்பதனால் திருட்டு அறமாகிவிடாது. தோட்டப்புறங்களில் தலைமுறை தலைமுறையாக மக்கள் கேட்டது முதற்பாதியை மட்டும்தான். துன்பப்பட்டவரிடம் வினையைப் பற்றிப் பேசியவர்கள் அதை ஆலை முதலாளியிடமும் பேசியிருக்க வேண்டும்.

இதன் கொடுமை மிகக் கூர்மையாகத் தெரிவது களைக்கொல்லி தெளிப்பில். செம்பனை மரத்தின் அடியைச் சுற்றி வட்டமாகக் களை நீக்கப்பட்டிருந்தால்தான் உதிரிப் பழங்களைப் பொறுக்க முடியும் என்பதால், முதுகில் தோம்பைச் சுமந்துகொண்டு, கையால் பிடியை ஆட்டியபடியே மரம் மரமாக மருந்தடிக்கும் வேலை தோட்டங்களில் பெரும்பாலும் பெண்களுக்கே, அதிலும் தமிழ்ப் பெண்களுக்கே ஒதுக்கப்பட்டது. தோம்பு கசிந்தால் முதுகு நனையும். எதிர்க்காற்று அடித்தால் முகத்தில் படும். ஐரீன் பெர்னாண்டஸ் தோற்றுவித்த தெனாகனித்தா அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வு இப்பெண்களின் நகச் சிதைவையும் தோல் புண்ணையும் மூக்கில் வடியும் இரத்தத்தையும் பதிவுசெய்தது. அதே ஆண்டில் மலேசியா பாராகுவாட் என்ற களைக்கொல்லியைப் படிப்படியாக விலக்க முடிவுசெய்து, 2006இல் அம்முடிவைத் தளர்த்தி, இறுதியாக 2020 ஜனவரி முதல் முற்றாகத் தடைசெய்தது. இடையில் கழிந்த ஆண்டுகளில் அதைத் தெளித்த கைகள் யாருடையவை என்பதை இச்சமூகம் மறக்கலாகாது. சூழல் மண்டலம் என்பது பறவையும் மரமும் மட்டும் என்று எண்ணுபவர்கள் அதற்குள் உழைப்பாளியின் உடலையும் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். நஞ்சு முதலில் புகுந்தது அந்த உடலில்தான். அந்தப் பெண்ணுக்கு வந்த நோய் ஆதிபௌதிகமா, ஆதியான்மிகமா? காற்றும் நீர்த்துளியும் கொண்டுவந்தன. ஆயினும் வாங்கிக் கொடுத்தவரும் தெளிக்கச் சொன்னவரும் கையுறை தராதவரும் மனிதர்கள்.

உயிரிரக்கம் என்ற உயர்ந்த அறம் இத்தீங்குகளைத் தடுக்கப் போதாதா என்று கேட்கலாம். வள்ளலாரின் சீவகாருண்யம் தமிழர் உலகுக்கு அளித்த கொடைகளுள் தலையாயது என்பதில் ஐயமில்லை. மலேசியத் தோட்டங்களிலும் அவர் பெயரால் பசியாற்றும் பணி நடந்திருக்கிறது. எனினும் அவ்வறம் முன்னால் நிற்கும் உயிரைப் பார்த்து உருகும் இயல்புடையது. சூழல் மண்டலமோ உயிர்களுக்கிடையே உள்ள உறவுகளால் நிற்பது. கோலா சிலாங்கூருக்கு அருகில் கம்போங் குவாந்தானில், ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே நேரத்தில் ஒளிர்ந்து ஒரே நேரத்தில் அணைவதை உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து காண்கின்றனர். அந்த மின்மினி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மரத்திலன்று, நீபாப் பனையும் சவ்வரிசிப் பனையும் நிற்கும் ஈரமண்ணில் புழுவாகக் கழிக்கிறது. அங்கே சின்னஞ்சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. நத்தைக்கு இரங்கினால் மின்மினி இல்லை. மின்மினிக்கு மட்டும் இரங்கி மரத்தைக் காத்துவிட்டு, பின்னாலுள்ள சதுப்பைச் செம்பனைக்காக வடித்துவிட்டாலும் மின்மினி இல்லை. மேலே அணை கட்டி நன்னீரை மிகுதியாக எடுத்தால் உவர்நீர் ஆற்றில் ஏறி நத்தையும் மரமும் நிலைகெடும். ஆகவே இங்கே இரக்கம் தனி உயிரைக் கடந்து, அவ்வுயிர்கள் ஒன்றையொன்று உண்டும் தாங்கியும் நிற்கும் இடத்தின்மேல் செல்லவேண்டும்.

மண்ணும் நீரும் உயிர்களல்லவே, அவற்றுக்குத் தீங்கு செய்வது எங்ஙனம் பாவமாகும் என்ற தடை இங்கே எழும். சமணம் இத்தடையை ஒரே பாய்ச்சலில் கடந்தது. மண்ணையும் நீரையும் உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்றது. சைவம் அந்த வழியில் செல்லவில்லை. அதற்கு நிலம் முதலிய பூதங்கள் மாயையிலிருந்து தோன்றிய அறிவற்ற பொருள்கள். இறைவன் எட்டு வடிவாக நிற்கிறான், அவற்றுள் நிலமும் நீரும் அடங்கும் என்ற அட்டமூர்த்தக் கொள்கையை எடுத்துக்காட்டி, ஆகவே ஆற்றை மாசுபடுத்துவது இறைவனை மாசுபடுத்துவது என்று மேடைகளில் சொல்வார்கள். பக்தியளவில் இது அழகானது; ஆனால் நீரைத் தெய்வமாக வணங்குவது மட்டும் நீரைக் காத்துவிடவில்லை என்பதைக் கங்கைக் கரையே காட்டுகிறது. இதைவிட உறுதியான அடிப்படை சித்தாந்தத்திலேயே இருக்கிறது. உயிர்கள் மலம் என்னும் பிணிப்பு நீங்கி உய்வதற்காக இறைவன் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கைப் படைத்துத் தருகிறான் என்பது அதன் மையக் கருத்து. உடல், உட்கருவி, உலகம், நுகர்பொருள் என்ற இந்நான்கில் உடலும் உட்கருவியும் ஒவ்வோர் உயிருக்கும் தனித்தனியே அளிக்கப்பட்டவை. புவனமோ எல்லா உயிருக்கும் பொதுவாக அளிக்கப்பட்டது. தனக்குக் கிடைத்த உடலைக் கெடுப்பவன் தன் வழியைத் தானே அடைக்கிறான்; பொதுவாகக் கிடைத்த புவனத்தைக் கெடுப்பவன், அதில் வாழ்ந்து உய்யவேண்டிய பிற உயிர்கள் அனைத்தின் வழியையும் அடைக்கிறான். மண் அறிவற்றதாக இருக்கட்டும். அது பிறர்க்கும் உரிய அருட்கொடை என்பதே போதும், அதைக் கெடுப்பது தீவினையாவதற்கு.

சூழல் மண்டலத்தின் உறவுகள் எப்போதும் மேலிருந்து கீழாகவே ஓடும் என்றும் எண்ணலாகாது. தம்புசாமிப் பிள்ளை முயற்சியால் முருகன் வழிபாடு நிலைபெற்று, 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்படும் பத்துமலைக் குகைகளில் தேன் உண்ணும் ஒருவகை வௌவால் கூட்டமாக வாழ்கிறது. டுரியான் மரம் இரவில் பூப்பது. அதற்கு மகரந்தம் சேர்க்கும் முதன்மையான உயிர் இந்த வௌவால். டுரியான் ஆண்டு முழுவதும் பூப்பதில்லை. மற்ற மாதங்களில் இவ்வௌவால்கள் முப்பது கிலோமீட்டருக்கும் மேல் பறந்து சிலாங்கூர்க் கரையோரச் சதுப்புக் காட்டு மரங்களின் பூக்களை நாடிச் செல்கின்றன என்று 1970களில் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். கடற்கரையில் சதுப்புக்காடு அழிந்தால், மலையடிவாரத்தில் டுரியான் காய்ப்பு குறையும். இடையில் இருப்பது முருகன் குகை. ஒரு திருத்தலத்தைக் காப்பவர்கள், தம் மதிலுக்கு வெளியே எதையெல்லாம் காக்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

பத்தாங் காலியின் பெயர் உலகச் செய்தியில் பெருந்துயரோடு ஒலித்தது. அதற்குக் காரணம், 2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங் காலியிலிருந்து கெந்திங் மலைக்குச் செல்லும் சாலையை ஒட்டிய முகாம் தளம் ஒன்றின்மேல் சரிவு இடிந்து விழுந்து, குழந்தைகள் உட்பட 31 பேர் மாண்ட நிகழ்ச்சி. தொடர்மழையே முதன்மைக் காரணம் என்று விசாரணை முடிவு கூறியது. சரிவு என்பது மண்ணின் எடைக்கும் மண்துகள்களின் பிடிப்புக்கும் இடையே நிற்கும் ஒரு சமநிலை. மழைநீர் இடுக்குகளில் நிறைய நிறையப் பிடிப்பு தளர்ந்து, ஓர் அளவைத் தாண்டியதும் சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. மெல்ல மெல்ல ஏறிவந்த மாற்றம் திடீரெனப் பெருமாற்றமாக வெடிக்கும் அந்த அளவையே சூழலியலார் எல்லைப்புள்ளி என்பர். எல்லைப்புள்ளியைக் கடக்கும் கடைசித் துளி பூதத்தின் செயல்தான். ஆனால் எந்தச் சரிவின் அடியில் மனிதர் உறங்கலாம், எங்கே சாலை வெட்டலாம், மழை வலுக்கும்போது யார் யாருக்கு எச்சரிக்கை செய்யவேண்டும் என்பன பூதங்களின் தீர்மானங்கள் ஆகா. அத்துயரில் பிள்ளையை இழந்தவரிடம் சென்று விதி என்று சொல்வதற்கு எவருக்கும் தகுதியில்லை. அந்தச் சொல்லுக்கு உரிய இடம், அடுத்த சரிவுக்கு அனுமதி கேட்டு வரும் மனுவின்மேல் கையெழுத்திடப் போகிறவரின் மேசை. நீ செய்வது ஆகாமியம் என்று அங்கேதான் சொல்லவேண்டும்.

வினைக் கொள்கை பழையது, ஆகவே கைவிடத்தக்கது என்பதை இந்த ஆராய்ச்சி ஏற்கவில்லை. செயலுக்குப் பயன் உண்டு, பயனுக்குச் செய்தவர் உண்டு என்ற அதன் உறுதி, எல்லாம் இயற்கை என்று கைவிரிக்கும் போக்கைவிட எவ்வளவோ மேலானது. குறை, அதை எந்தத் திசையில் நின்று பேசினோம் என்பதில் இருக்கிறது. நீர்ப்பிடிப்புப் பகுதி, உணவுச் சங்கிலி, உயிர்த்திரட்சி, எல்லைப்புள்ளி ஆகிய சொற்கள் செயலிலிருந்து பயன்வரை உள்ள வழியைக் கண்ணுக்குத் தெரியும்படி வரைந்து தருவதால், வினையைப் பேசுபவருக்கு இவை பகையாகா. இதுவரை யாரும் தராத துணையாகும்.

உலு சிலாங்கூரிலும் கோலா சிலாங்கூரிலும் உள்ள ஆலய நிர்வாகங்களும் சமயச் சொற்பொழிவாளர்களும் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். திருவிழாக் காலச் சொற்பொழிவில் மூவினைகளை விளக்கும்போது, தம் ஊர் எந்த ஆற்றின் நீர்ப்பிடிப்பில் இருக்கிறது, மேலே என்ன நடக்கிறது, கீழே யார் அதைக் குடிக்கிறார்கள் என்பதையும் சேர்த்து விளக்கட்டும். ஆற்றில் கழிவு கலப்பதைக் கண்டால் சுற்றுச்சூழல் துறைக்குப் புகார் எழுதுவதை ஆலயப் பணிகளுள் ஒன்றாக வைக்கட்டும். தோட்டத்தில் மருந்தடித்து நோயுற்ற மூத்த பெண்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அது அவர்கள் தலையெழுத்து என்று இனி எந்த மேடையிலும் சொல்லாதிருப்போம்.